விலக்கப்பட்டோர்: ஒன்று

குடியாத்தம் பஸ் ஸ்டாண்டிலிருந்து செதுக்கரைப் பக்கம்
பதினோரு நிமிட நடை.
கதவில்லை, சாக்குத் திரை.
உள்ளே தேசம்மா
முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றுகிறாள்.
நான் கேள்வித்தாளை மடியில் விரிக்கிறேன்.

“கடந்த இரண்டு வாரங்களில்
எதிலும் ஆர்வமோ இன்பமோ இன்றி
இருந்ததுண்டா?”

“இன்பமா?
பஸ்ல எழுதியிருப்பாங்களே, இன்பச் சுற்றுலா...
நான் எங்கியும் போவலம்மா.”

வேலூரில், ஏசி அறையில்
தமிழாக்கி, திரும்பவும் ஆங்கிலமாக்கி
ஐந்து பேர் ஒப்புக்கொண்ட சொல் அது.
ஐவரில் நானும் ஒருத்தி.

தூக்கம்?
“மூணு மணிக்கு முழிப்பு வந்துடுது.
எல வெட்டிடறேன். வீணாப் போறதில்ல.”
மூன்றில் வட்டமிட்டேன்.
பசி?
“பொண்ணு ஆம்பூர்ல ஷூ கம்பெனில கீறா.
அவ வந்தா வடிப்பேன்.”
எப்போது வருவாள்?
தாளில் இல்லை. கேட்கவில்லை.

தலை பாரமாக இருக்கிறதா?
சிரித்தாள்.
“வைகாசி ஒண்ணாந்தேதி வந்து பாரு.
கெங்கம்மா தலைய மட்டும்
ஊரே தூக்கினு வரும்.
ஒடம்போட சேக்க அவளுக்கு ஒரு நாளு கீது.”
இதற்கு எத்தனை மதிப்பெண்?

ஒன்பதாவது கேள்வி.
பயிற்சியில் சொன்னபடி
குரலை ஏற்றாமல் இறக்காமல்
எழுத்து மாறாமல் படித்தேன்.
‘செத்துப்போனால் தேவலை என்றோ...’

விரல் நின்றது.
“இல்ல.”
பிறகு கையிலிருந்ததை முறத்தில் கொட்டி
ஒன்று, இரண்டு என்று
முதலிலிருந்து எண்ணினாள்.
நான் வந்ததிலிருந்து
பேச்சுக்கு நடுவே எட்டுக் கட்டு போட்டவள்,
இருபத்தைந்து இருபத்தைந்தாக,
ஒருமுறைகூடத் தவறாமல்.

பூஜ்யத்தில் வட்டமிட்டேன்.
உறையைப் பிரித்தேன்:
காத்திருக்கும் குழு. ஆறு மாதம்.

பாலம் வரை வந்துவிட்டேன்.
தண்ணீரில்லாத ஆற்றைப் பார்த்தபடி
டாக்டர் பெனினாவுக்குப் போன் போட்டேன்.
“பூஜ்யம்தானே போட்டிருக்க?”
“ஆமா மேடம். ஆனா எண்ணிக்கைய விட்டுட்டாங்க.”
அந்தப் பக்கம் பேச்சில்லை.
லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.
“நாளைக்குக் காலைல கூட்டிட்டு வா.
ஆய்வுல இருந்து எடுத்துடலாம்.”

முன்னூற்றுப் பன்னிரண்டு
முன்னூற்றுப் பதினொன்று ஆனது.

இரண்டு வருடம் கழித்துக் கட்டுரை அச்சில் வந்தது.
மூன்றாம் பக்கம் முழுக்கப் பெட்டிகள், கீழ்நோக்கிய அம்புகள்.
ஓர் அம்பு மட்டும் பக்கவாட்டில் விலகி
சின்னப் பெட்டியில் முட்டி நிற்கிறது.
விலக்கப்பட்டோர்: 1.

வியாழக்கிழமை வரிசையில்
அந்த ஒன்று
துண்டில் இலை பொதிந்து எடுத்துவந்து
தகரத்தை வைத்து வெட்டிக்கொண்டிருக்கும்.
“இங்க பீடி வேலயெல்லாம் கூடாதும்மா”
வாட்ச்மேன் கத்திவிட்டுப் போவார்.
மாத்திரை போன வாரமும் வரவில்லை,
பாதிச் சீட்டுக்கு வாங்கிக்கொண்டு வந்து
அவள் பெயரைக் கூப்பிட்டேன்.

நிமிரவில்லை.
“இரும்மா,
எண்ணிக்கினு கீறேன்.”