முழங்காலுக்கு ஒரு பள்ளம்

எல்லாரும் எஞ்சினைத்தான் கேட்கிறார்கள்.
புகை வருமா, கூவுமா, எத்தனை குதிரைவலு.
எனக்கு எஞ்சின்மேல் பெரிய ஆசையில்லை.
பஞ்சிகாவத்தையில் நிசாம்தீன் அரைவிலைக்குத் தந்த
சக்கர நாற்காலி மோட்டர்
முன்னால் ஒரு பலகைக்கூட்டுக்குள் முனகுகிறது,
அது போதும்.
நான் கட்டுவது பெட்டி.
ஆள் உள்ளே இருந்து போகிற பெட்டி.

கால்பரப்பி மேலே குந்திப் போகிற வண்டி லேசு.
ஒரு பலகை, எட்டுச் சில்லு, முடிந்தது.
உள்ளே இருத்துவதென்றால்
முதலில் முழங்காலுக்குப் பதில் சொல்லவேண்டும்.

ஏழேகால் அங்குலத் தண்டவாளம்.
அதன்மேல் இருபத்திரண்டு அங்குல அகலத்துக்குள்
ஒரு முழு மனிதர்.
மனிதர்களை நான் அதுவரை மடித்துப் பார்த்ததில்லை.
பிரமிளாவைத் தரையில் பக்கவாட்டில் படுக்கவைத்துக்
கதிரையில் இருப்பதுபோலக் காலை மடிக்கச் சொல்லி
சோக்கட்டியால் சுற்றிக் கோடு போட்டேன்.
பொலிஸ்காரர் பிணத்துக்குப் போடுவதுபோல இருக்கிறது
என்றாள். அசையாமல்தான் சொன்னாள்.

இரண்டு போகிக்கும் நடுவே தரையை வெட்டி இறக்கினேன்.
கால் தொங்க ஒரு பள்ளம்.
பள்ளத்தின் அடி, தண்டவாளத்துக்கு
ஒன்றரை அங்குலம் மேலே.
ஒரு பலாமூசு விழுந்து கிடந்தால் சேவை ரத்து.
எங்கள் வளவில் பலாமரம் இல்லை.
பக்கத்து வளவில் இருக்கிறது.

முதல் நாள் பிரமிளா ஏறினாள்.
ஏறுவதை யோசித்தவன்
இறங்குவதை யோசித்திருக்கவில்லை.
இருபத்தாறு திருகாணி கழற்றிக் கூரையைத் தூக்கும்வரை
உள்ளேயிருந்து கீரை ஆய்ந்தாள்.
இப்போது கூரைக்கு அலுமாரிக் கீல்,
சூட்கேஸ்போலத் திறக்கும்.

வெள்ளவத்தையில் ஏழரைப் பேர்ச் காணி.
வீடு போக மிஞ்சியதில் பாதை:
கேற்றடியில் புறப்பட்டு,
தண்ணீர்த்தாங்கியை வளைந்து, அங்கே கொஞ்சம் கீச்சிட்டு,
(விளிம்பை மறுபடி கடையவேண்டும், தெமட்டகொடையில்
லேத்துக்காரன் போனை எடுக்கிறானில்லை)
காயும் சாரங்களுக்குக் கீழே தலையைக் குனிந்து,
பின்மதிலில் மின்சார மீற்றரடியில் முடிகிறது.
பத்தொன்பது மீற்றர்.

பதினாறு வருடம் கோட்டைக்கு ஒபிஸ் கோச்சி.
நான் ஏறும்போதே
அளுத்கமைக்காரர் இருக்கைகளில் நித்திரை.
கதவடியில் ஒரு கால், யாரோ ஒருவரின் குடைமேல் மற்றக் கால்.
பம்பலப்பிட்டியில் கடல் இடப்பக்கம் அடிக்கும்,
கொள்ளுப்பிட்டியில் யாருடையதோ சாப்பாட்டுப் பார்சல்
விலாவில் சுடும்.
இருந்து போன நாட்கள்
சித்திரை வருஷத்துக்கு மறுநாள்கள்.

என் பெட்டியில் நிற்க முடியாது.
கூரை முப்பத்தெட்டு அங்குலம்.
ஏறினால் இருந்துதான் ஆகவேண்டும்.
இதைத் திட்டம்போட்டுச் செய்யவில்லை.
செங்கபில நிறம் இரண்டாம் பூச்சுக் காய்கையில்
பக்கத்தில் நின்றபோதுதான் கண்டேன்.

மீற்றர் வாசிக்க வருகிறவர் நிமலசிறி.
ஆறடி மனிதர். தோளில் பை, கையில் கருவி.
கேற்றடியில் நின்றார், தண்டவாளத்தைப் பார்த்தார்,
அது எங்கே போகிறது என்று பார்த்தார்.
‘மகாத்தயா, இது மீற்றருக்கா?’
ஆம் என்றேன்.
ஒரு கணம் தெருவைத் திரும்பிப் பார்த்துவிட்டு
சப்பாத்தைக் கழற்றினார்.
கழற்றத் தேவையில்லை என்று சொல்ல
எனக்குத் தோன்றவில்லை.

முழங்கால் பள்ளத்துக்குள் இறங்கியது.
பை மடியில்.
நான் கூரையை மெல்ல மூடினேன்.
யன்னலில் அவர் முகம் நேராக, கண்டிப்பாக,
நெடுந்தூரம் போகிற ஒருவருடையதாக இருந்தது.
தாங்கியடியில் கீச்சிட்டது.
ஈரச் சாரமொன்று கூரையைத் தடவிவிட்டது.
மீற்றரடியில் யன்னலுக்கு வெளியே தலையை நீட்டி
இலக்கத்தை வாசித்துக் குறித்துக்கொண்டு
‘போவோம்’ என்றார்.

போன மாதத்தைவிட நாற்பத்தொரு யூனிற் கூட.
வெல்டிங்.

திரும்பி வந்து இறங்கி, சப்பாத்தை மாட்டி,
பில்லை என் கையில் தந்தார்.
அடுத்த மாதம் இருபத்தேழு என்றார்.
பிரமிளா சோக்கட்டியால் மதிலில் எழுதினாள்:
இருபத்தேழாம் திகதி, காலை பத்துமணிபோல,
மீற்றர்வரை, போக வர.
தாமதத்துக்கு
மின்சார சபை பொறுப்பு.