இருபத்தைந்து வட்டங்கள்

ஒரு மண்ணும் தெரியாது எனக்கு என்று
முதல் நாளே சொல்லிவிட்டேன்.
வேல்ஸின் இந்தப் பள்ளத்தாக்கில்
ஒன்பதாம் எண் பேருந்தை இருபத்தோரு வருடமாக
மேலும் கீழும் ஓட்டுகிறவள் நான்.
நிலக்கரிக் கழிவு மேட்டில் புல் முளைத்ததைக்கூட
கண்ணாடி வழியாகத்தான் பார்த்தேன்.
இதுவும் கண்ணாடிதான் நெரிஸ், உட்கார்
என்றாள் டெக்வென்.

மூடிய பள்ளியிலிருந்து வந்த நுண்ணோக்கி.
அடியில் இன்னும் ஒட்டியிருக்கிறது:
‘அறை நான்கு. தொடாதே.’
தேவாலயத்தின் பின்னறை, கெட்டில் ஊளையிடும் மேசை.
பகலில் பல் மருத்துவருக்கு உதவியாள் டெக்வென்;
வியாழன் மாலைகளில் எங்களுக்கு.
ஒரு பங்கு மண், ஐந்து பங்கு நீர்.
குலுக்கு, ஆனால் மெதுவாக,
உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள்.

முதலில் நான் பார்த்தது என் இமைமயிர்.
காடு என்று நினைத்தேன்.
அடுத்தது கறுப்பு விளிம்போடு கச்சிதமான ஓர் உருண்டை.
கிடைத்துவிட்டது என்று கத்தினேன்.
டெக்வென் குனிந்து பார்த்து
காற்றுக்குமிழி என்றாள்,
வாயைக் கையால் பொத்திக்கொண்டு.
மூடுசில்லைச் சாய்த்து இறக்க வேண்டுமாம்,
தூங்கும் பிள்ளைக்குப் போர்த்துவதுபோல.

இடப்பக்கம் நகர்த்தினால் வலப்பக்கம் ஓடுகிறது எல்லாம்.
மற்றவர்கள் தடுமாறினார்கள்.
கண்ணாடி பார்த்துப் பின்னால் வண்டி எடுக்கிறவளுக்கு
அது ஒன்றுதான் முதல் நாளே கைவந்தது.
வெளிச்சத்தைக் குறை, இன்னும் குறை என்றாள்.
அதிக ஒளியில் எதுவும் தெரியாது என்பது புரிய
அரைமணி நேரம் ஆயிற்று எனக்கு.
அப்போது ஒரு நூற்புழு
சாட்டையாய்ச் சுழன்று வந்து
வட்டத்தைவிட்டு வெளியே போனது.
நிறுத்தத்தில் நிற்காமல் போகிற பேருந்தைப்போல.
பயணிகள் என்னைத் திட்டியதெல்லாம் நியாயம்தான்.

மூன்றாம் வாரம் ஹெட்வின் தன் மண்ணோடு வந்தார்.
மணிக்கட்டுத் தடிமனில் லீக்ஸ் விளைவித்து
பதினோரு வருடம் கோப்பை வாங்கிய பாத்தி.
என்ன தூள் போடுகிறார் என்று யாருக்கும் தெரியாது.
வேலிக்குள் நாயைக்கூட விடமாட்டார்.
அன்று எண்ணும் முறை என்னுடையது.
இருபத்தைந்து வட்டம் பார்க்க வேண்டும், குறையக்கூடாது.

முதல் வட்டம்: பாக்டீரியா, புள்ளிகளின் நடுக்கம்.
இரண்டு: அதுவே.
ஏழு: மணல். பச்சைக் கண்ணாடிபோல் அழகான மணல்.
பதினான்கு.
அவர் தொப்பியைக் கையில் உருட்டுவது
எனக்குக் கேட்டது.
பூஞ்சை இழை ஒன்றுகூட இல்லை.
பதினோரு கோப்பைகளிடம்
இதை எந்த முகத்தோடு சொல்வது?

பத்தொன்பதில் இருந்தது.
நீண்ட இழை, லேசான நீலம்,
வட்டத்தின் குறுக்கே சாவகாசமாகக் கிடந்தது.
வாங்க, வந்து பாருங்க என்றேன். குரல் என் வசம் இல்லை.
வெகுநேரம் பார்த்தார்.
பிறகு நிமிர்ந்து
தன் ஸ்வெட்டரின் முழங்கையைப் பார்த்தார்.
அதே நீலம்.

யாரும் மூச்சுவிடவில்லை.
அவர்தான் முதலில் சிரித்தார்.
“அப்போ என் மண்ணில் உயிருள்ளது
நான் மட்டும்தானா?”

தூளை நிறுத்தினாரா என்று நான் கேட்கவில்லை.
நவம்பரில், மழையில், வண்டியிலிருந்து பார்த்தேன்:
வாகன நிறுத்துமிடத்து மரங்களுக்கடியில்
சாக்கில் இலை அள்ளிக்கொண்டிருந்தார்.
ஒலிப்பான் அடித்தேன். திரும்பவில்லை.
அடுத்த செப்டம்பரில் கோப்பை பக்கத்து ஊருக்குப் போனது.
அதைப்பற்றி அவர் பேசியது
ஒரே ஒரு கெட்ட வார்த்தை.

இந்த மார்ச்சில் மறுபடி ஒரு பொட்டலம்.
இருபத்துநான்கு வட்டம் பார்த்துவிட்டேன்.
மூன்று இழைகள்.
பழுப்பு நிறம், உள்ளே குறுக்குச் சுவர்கள்,
ரயில் பெட்டிகள் கோத்ததுபோல.
மூன்று ஒரு பெரிய எண் அல்ல, டெக்வென் சொல்கிறாள்.
ஹெட்வின் தன்னிடம் பழுப்பில் துணியே கிடையாது என்கிறார்,
கேட்காதவர்களிடமும்.

கடைசி வட்டத்துக்கு
நாற்காலியை விட்டு எழுந்துகொண்டேன்.
அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு
இடப்பக்கம் தள்ளுகிறார்,
திட்டிக்கொண்டே வலப்பக்கம் தேடுகிறார்.