ஒரே உலையில் உண்பவர்

கையேட்டின் பதினோராம் பக்கம் சொல்கிறது:
குடும்பம் என்பது
ஒரே கூரையில் உறங்கி
ஒரே உலையில் உண்பவர்.
பன்னிரண்டில் ஒன்பது மாதம்
வெளியே இருந்தால் உறுப்பினர் அல்லர்.
விதிவிலக்கு: கைக்குழந்தை, புது மணப்பெண்.

சில்வா ஏரிக்கரை.
கச்சுலு துறைக்கு வடக்கே நான்காவது ஊர்.
மடியில் டேப்லெட்,
திரையில் வெயில் விழாமலிருக்க
சோப்புப் பெட்டியின் ஓர் அட்டை.
எதிரில் ஃபலேசி நம்வேரா.
வயது முப்பத்தொன்று என்றார்,
பிறகு முப்பத்துநான்கு,
பிறகு, "உங்களுக்கு எது வசதி?"

கணவர்?
இருக்கிறார்.
எங்கே?
முகவாயால் காட்டினார். ஏரி.

கரையிலிருந்து பார்த்தால் கோரை மட்டும்தான்.
அதற்கும் அப்பால்
வேரோடு மிதக்கும் திட்டின் மேல்
புல் வேய்ந்த குடில். ஸிம்போவேரா என்பார்கள்.
தண்ணீர் எழுந்தால் அதுவும் எழும்.
வைசன் அங்கே போய்ப் பதினோரு மாதம்.
பாய் அங்கே, வலை அங்கே,
கடன் மட்டும் இங்கே.

பதினொன்று என்று அழுத்தினேன்.
வைசனின் பெயர்
சாம்பல் நிறமாகி
வரிசையின் அடிக்குப் போனது.

"எங்கே போகிறார்?" என்று எட்டிப் பார்த்தார் ஃபலேசி.
விதியைச் சொன்னேன்.
சிரிக்கவில்லை. கோபமும் இல்லை.
கணக்குத் தவறிய கடைக்காரனிடம் பேசுவதுபோல்
நிதானமாகச் சொன்னார்:

"செவ்வாயும் வெள்ளியும் டெனேசியோவின் ஓடம் போகும்.
என் மாவு அவர் சட்டியில்,
அவர் மீன் என் சட்டியில்.
ஒரே உலைதான் தம்பி.
நடுவில் கொஞ்சம் தண்ணீர் நிற்கிறது.
தண்ணீர் இல்லாமல் உலை ஏது?"

குறிப்புக் கட்டம் அறுபது எழுத்து கொள்ளும்.
'நடுவில் கொஞ்' என்பதோடு
நின்றுவிட்டது.

இரவு, விடுதியில், கொன்டுவானி திருத்தினார்:
"மீன் வருகிறதா? வெளியிலிருந்து பெறும் உதவி.
மாவு போகிறதா? வெளியே தந்த அன்பளிப்பு.
தலைவர் பெண். தொழில் நெல், அரை ஏக்கர்."
இப்படியாக அந்தக் கல்யாணம்
இரண்டு பத்திகளில் வரவும் செலவும் ஆயிற்று.
மீனில் வாழும் வீட்டில்
மீன்பிடிப்பவர் ஒருவருமில்லை.
இதே கரையில் இப்படி அறுபத்தொரு வீடு.
நாளை யாரோ ஒருவர் இந்த எண்ணைப் படித்து நெகிழ்ந்து
அறுபத்தொரு தையல் மெஷின் அனுப்பக்கூடும்.

நாங்கள் கணக்கெடுப்பாளர்கள் ஆறு பேர்,
ஓட்டுநர் ஒருவர்.
பத்து மாதமாக ஒரே கூரை, ஒரே சட்டி ன்சீமா.
பதினோராம் பக்கத்தின்படி நாங்கள் குடும்பம்.
வயதில் மூத்தவர் என்பதால்
ஓட்டுநர்தான் தலைவர்.
அன்றிரவு அவரை அப்படியே அழைத்தோம்.
எல்லோரும் சிரித்தோம். நான்
என்ட்செயுவில் இருக்கும் மனைவிக்கு
போன் செய்ய வெளியே போனேன்.
டவர் கிடைக்கவில்லை.

கிளம்பும்போது ஃபலேசி கேட்டிருந்தார்:
மறுபடி எப்போது?
இரண்டு வருடம் கழித்து.
"அதற்குள் ஏரி வற்றலாம்.
இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது வற்றியது.
சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு
சேற்றில் நடந்தே வந்தார்.
நீங்கள் இருக்கும் இதே இடத்தில்
பகல் முழுக்க உட்கார்ந்திருந்தார்.
அப்போது வந்திருந்தால்
முழுசாக உங்கள் பெட்டிக்குள் போட்டிருக்கலாம்.
வயிறுதான் காலியாக இருந்திருக்கும்."

வெள்ளிக்கிழமை துறையில் டெனேசியோவைப் பார்த்தேன்.
ஓடத்தில் ஊறிய நீரை இறைக்கவேண்டும்,
இதைப் பிடி என்று
ஒரு மூட்டையைக் கையில் தந்தார்.
நீலக் கயிறு. மூலையில்
கரியால் ஒரு 'வை'.
ஏறத்தாழ நான்கு கிலோ.
மில்லின் சூடு
இன்னும் ஆறவில்லை.