நாடா நகர்ந்த தூரம்

ஆற்றுக்கு மேலே ரயில் தொங்கிக்கொண்டு போகும் வூப்பர்டாலில்
முன்பு ரிப்பன் நெய்த ஆலையின் இரண்டாம் மாடி
எங்கள் கிடங்கு.
பதினெட்டு டிகிரி. ஈரப்பதம் நாற்பத்தைந்து.
மனிதருக்குக் கொஞ்சம் குளிர், பிளாஸ்டிக்குக்குச் சுகம்.

முட்டை வேகவைக்கும் கருவி பதினொன்று,
முடி உலர்த்தி முப்பத்திரண்டு,
எதனுடையது என்றே தெரியாத சார்ஜர் ஒரு பெட்டி நிறைய.
தெரியாததற்கும் எண் உண்டு.
எண் போட்டுவிட்டால் அப்புறம் அது வேலை செய்யக் கூடாது.
கெட்டில் கொதிக்காது,
அலாரம் யாரையும் எழுப்பாது.
டோஸ்டரைக் கழுவித் தராதீர்கள் என்று கெஞ்சிப் பார்த்தோம்.
ரொட்டித் துணுக்கும் எங்களுக்கு வேண்டும்.
மக்கள் கேட்பதில்லை; பெண் பார்க்க வருகிற வீடு மாதிரி
துடைத்து மினுக்கித்தான் கொண்டுவருகிறார்கள்.

குட்ரூன் பிரிங்க்மன் துடைக்காமல் கொண்டுவந்தார்.
காய்கறிப் பையில், ஒயர் சுற்றியபடி,
ஆள் இல்லாதபோது தொலைபேசிச் செய்தியை வாங்கி வைக்கும் பெட்டி.
"அம்மாவுடையது. வீட்டைக் காலி செய்கிறேன்.
ஓடும் என்றுதான் நினைக்கிறேன்."
கையெழுத்துப் போட்டார். பையை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டார்.

கையுறை மாட்டிப் படிவம் நிரப்பினேன்.
நிறம்: வெள்ளையாக இருந்த மஞ்சள்.
சேதம்: "நிறுத்து" பொத்தானில் எழுத்து மங்கல்.
"கேள்" பொத்தானில் எழுத்தே இல்லை.
அப்போதுதான் சின்னக் கண்ணாடி வழியே கண்ணில் பட்டது,
நாடா ஆரம்பத்தில் இல்லை.
கேட்டு முடித்தால் தானே பின்னால் சுற்றிக்கொள்ளும் ரகம் இது.
சுற்றவில்லை.
யாரோ பேசியிருக்கிறார்கள், அரை நிமிடம் இருக்கும்.
யாரும் கேட்கவில்லை.

ஓட்டிப் பார்க்கலாமா என்றேன்.
அறுந்துவிடும் என்றார் டெட்லெஃப்.
பிரதி எடுக்கலாமே?
எடுக்கலாம், குரலுக்குரியவர் சம்மதித்தால்.
யார் அவர்?
கேட்டால்தான் தெரியும்.
சரி, கேட்க?
சம்மதம் வேண்டும்.
அவர் சிரிக்கவில்லை.
இந்த நாட்டில் எனக்குப் பதினாறு வருடம் ஆகிவிட்டது,
நானும் சிரிக்கவில்லை.
அலமாரி ஏழு, தட்டு மூன்று என்று எழுதி
மூடி வைத்தேன்.

கீழே கூடத்தில் அதே மாடல் இன்னொன்று இருக்கிறது.
பழைய பொருள் சந்தையில் நாலு யூரோ. எண் கிடையாது.
அதனால் அது உழைக்கலாம், உடையலாம்.
பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நின்று அமுக்குவார்கள்.
பீப் சத்தத்துக்குப் பிறகு
ஏப்பம், பூனை, கெட்ட வார்த்தை,
"ஹலோ, உள்ளே யார் இருக்கீங்க?"
மாதம் ஒன்று செத்துப்போகும். அடுத்ததை வைப்போம்.
சாயங்காலம் ஐந்து மணிக்கு எல்லாவற்றையும் அழிப்பது என் வேலை.
அழிக்குமுன் ஒரு தடவை ஓடவிடுவேன்.
விதியில் இல்லை, பழக்கம்.

அக்டோபர் கடைசியில் ஒரு நாள்
இரண்டு ஏப்பத்துக்கும் ஒரு விசிலுக்கும் நடுவே
காய்கறிப் பைக்காரரின் குரல்.
"நான்தான். அன்றைக்குச் சொன்னதுதான்.
இன்று ராத்திரி உறைபனியாம்.
செடியை உள்ளே எடுத்து வை.
கிடைத்ததும் கூப்பிடு, எத்தனை மணியானாலும்."

அவர் எண் படிவத்தில் இருக்கிறது.
டெட்லெஃப் மாடியில்தான் இருந்தார்.
நான் கொஞ்ச நேரம் நின்றேன், காவலர் விளக்கணைக்க வரும்வரை.
பிறகு அமுக்கினேன்.
ஏப்பமும் அவரும் விசிலும் ஒன்றாகப் போனார்கள்.
நாடா கிர்ரென்று சுற்றி ஆரம்பத்துக்கு வந்து நின்றது.

வீட்டில் சோறு வைத்தேன், துணி மடித்தேன்.
பத்தரைக்கு எழுந்துபோய்
பால்கனிக் கதவைத் திறந்து
மிளகாய்த் தொட்டியை உள்ளே இழுத்தேன்.
இரண்டு இலை ஏற்கனவே கறுத்திருந்தது.