மோஸ்டெர்டின் வலது முன்னங்கால்

மெரல்பேக்கில் ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது.
பீட்கிழங்கு லாரிகள் சாலையெங்கும் சேறு இழைத்துப் போகின்றன.
நான் விளக்கணைத்து
நுண்ணோக்கி முன் உட்கார்ந்திருக்கிறேன்.
உயிரோடிருப்பவை பச்சையாய் ஒளிரும்.
செத்தவை சிவப்பு.

முதல் தட்டில் வெறும் உப்புநீர்:
மழை விட்ட மறுநாள் புல்தரை.
இரண்டாவதில் ஸ்டீராய்டு. பச்சைதான்,
ஆனால் ஞாயிற்றுக்கிழமைக் கடைத்தெரு,
யாரும் எதையும் செய்துகொண்டிருக்கவில்லை.
மூன்றாவதில் மரப்பு மருந்து,
அரைமணி நேரம்தான் ஊற வைத்தேன்.
சிவப்பை எண்ணத் தொடங்கி
இருநூற்றுப் பதினொன்றில்
காப்பி எடுக்க எழுந்துவிட்டேன்.

குருத்தெலும்புக்குள் ரத்தம் போவதில்லை,
நரம்பும் போவதில்லை.
ஒவ்வொரு அணுவும் தான் கட்டிய சுவருக்குள்
தனியே,
கதவில்லாமல்.
குளம்பு தரையில் மோதும்போதெல்லாம்
சுவர் பிழிந்து, விரிந்து, ஈரம் உறிஞ்சும்.
குதிரை ஓடினால்தான் அதற்குச் சோறு.
வலி என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது.
வலித்தது பக்கத்து வீட்டில்.
அதைத் தூங்கவைக்கப் போன ஊசி
இந்த ஊமைகளின் தெருவழியாகத்தான்
போயிருக்கிறது.

தட்டில் 'கு-17' என்று எழுதியிருக்கிறது.
எனக்குத் தெரிந்த கால் இது.
மோஸ்டெர்ட்; எங்கள் மொழியில் கடுகு.
நிறமும் அதுதான், குணமும் அதுதான்,
என் மழைக்கோட்டின் இரண்டு பொத்தான்களைத் தின்றிருக்கிறது.
போன ஏப்ரலில், வன்னஸின் லாய முற்றத்தில்,
அவன் கடிவாளத்தைப் பிடித்துக்கொள்ள,
நோவது எந்த மூட்டென்று கண்டுபிடிக்க
பத்து மில்லி நானே செலுத்தினேன்.
பத்து நிமிடத்தில் நொண்டல் இல்லை.
வன்னஸ் என்னைக் கட்டிக்கொண்டான்,
மேலெல்லாம் புகையிலை வாசம்.

அக்டோபரில் குடல் முறுக்கிச் செத்தது.
காலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.
"காலை எடுத்துக்கொள்ளுங்கள்" என்றான்,
"நல்ல கால்."

இப்போது கைப்பேசியில் கேட்கிறான்:
காலில் ஏதாவது தெரிந்ததா?
தட்டு வேறு, மூட்டு வேறு.
மூட்டில் நீர் ஊறும், மருந்து கரைந்து போகும்,
இவை அந்த ஏப்ரலில் செத்தவை அல்ல,
இன்று மதியம் என் கையால் செத்தவை.
அறிக்கையில் இப்படித்தான் எழுதுவேன்.
அது உண்மையும்கூட.
இரண்டு முறை தட்டச்சு செய்து அழித்தேன்.

நாளை காலை ஆல்ஸ்டில் ஒரு பெண்குதிரை நொண்டுகிறது.
என் பையில் அதே குப்பி.
வேறு மருந்து இருக்கிறது, விலை கூட.
அளவைக் குறைக்கலாம்.
வலிக்கிற இடம் தெரிந்தாக வேண்டும்.

காப்பி ஆறிவிட்டது.
இருநூற்றுப் பன்னிரண்டு.