எழவு விழாத வீடு

மண்டபம் நண்டு கம்பெனியில்
தலைவலைக்குள் ஒரு காதில் மட்டும் இயர்போன்.
கூலி கிலோக் கணக்கு.
கை நிற்காதவரை சூப்பர்வைசர் கண்டுகொள்வதில்லை.

காடிஸ் துறைமுகத்திலிருந்து
சந்தியாகு அனுப்பிய பாட்டு. மூணு வருஷமாச்சு.
"சொலெயான்னு பேரு, தனிமைன்னு அர்த்தமாம்.
புரியாது. சும்மா கேளு."
அதற்குக் கீழே நான் கேட்ட எதற்கும் பதில் இல்லை.

பாடுகிறவளின் வயசு தெரியவில்லை.
சொல்லுக்கு முன்னால் வெறும் "ஆய்" என்று இழுக்கிறாள்.
ஐயோவில் பாதி அது.
மீதியை எங்கே வைத்திருக்கிறாள் என்று
ஒவ்வொரு நண்டைப் பிளக்கும்போதும் தேடுவேன்.

எங்கள் பக்கம் அழுவதற்கு ஒரு பிணம் வேண்டும்.
இருந்தால் பந்தல் வரும்,
தங்கச்சிமடத்து அத்தைகள் வேனில் வந்து இறங்குவார்கள்,
மாரில் அடித்துக்கொண்டு
ஆளை விலாவாரியாகச் சொல்லி அழலாம்.

அவன் சாகவில்லை.
போன கச்சான் காத்தில் ஊருக்கு வந்தான்.
ஐஸ் பிளாண்ட் வாசலில்
"நல்லாருக்கியா ரெஜினாள்?" என்றான்.
பக்கத்தில் நின்றவள் இடுப்பில் ஒரு பிள்ளை,
ஐஸ் சில்லை நக்கிக்கொண்டிருந்தது.
நல்லாருக்கேன் என்றேன். வேறென்ன சொல்ல.
கூடை ஒழுகியது.

இவளுக்கும் அப்படித்தான் இருக்கும்.
ஒருத்தரும் செத்திருக்க மாட்டார்கள்.
எவனோ எதிர்ச்சாரியில் குடியிருப்பான்,
ரொட்டி வாங்கப் போகையில் தினமும் கண்ணில் படுவான்.
அதற்கும் ஒரு ராகம் வைத்திருக்கிறார்கள் அந்த ஊரில்.
நாற்காலி போட்டு உட்காரவைத்து,
கைதட்டி, பாடு என்கிறார்கள்.

அந்தக் கைதட்டலை எண்ணினேன். பன்னிரண்டு.
மூன்றில், ஆறில், எட்டில், பத்தில், பன்னிரண்டில்
அழுந்தி விழுகிறது.
என் கத்தியும் அங்கேயே விழப் பழகிவிட்டது.
மூன்றுக்குக் கால். ஆறுக்கு ஓடு.
எட்டில் அவன் பேர்.
பத்தில்
பத்தில் ஒன்றுமில்லை, சும்மா வெட்டுவேன்.

"என்ன புள்ள, அரபிப் பாட்டா?" எதிரே இருந்த சபுராள்
எட்டி வயரைப் பிடுங்கித் தன் காதில் வைத்தாள்.
கொஞ்ச நேரம் கழித்து:
"யாருக்கு என்ன ஆச்சு?"
யாருக்கும் ஒண்ணும் ஆகல.
"அப்பறம் ஏன்?"
நான் பேசவில்லை.
அவளும் திருப்பித் தரவில்லை, அரை மணி நேரம்.

சாயங்காலம் நீல விளக்கில் வைத்துப் பார்த்தார்கள்.
என் தட்டில் ஓட்டுத் துணுக்கு இரண்டு,
அவள் தட்டில் ஏழு.
மறுபடி பொறுக்கச் சொன்னார்கள்.