மனை எண் அறுபத்தொன்று

நாகமலைக்குத் தெற்கே மூன்று சென்ட்.
எண்பத்து நாலு தவணையில்
எழுபத்தொன்பது கட்டியாயிற்று.
சம்பளம் வந்த ஞாயிற்றுக்கிழமை
டவுன் பஸ் பிடித்து வந்து
நாலு கல்லும் இருக்கிறதா என்று பார்ப்பேன்.
வேறு பார்க்க அங்கே என்ன இருக்கிறது.

இந்த மே மாதம் கல் மூன்றுதான்.
நாலாவது சாய்ந்து கிடந்த இடத்தில்
முழங்காலுக்கு மேல் ஒரு குச்சி.
இலை கிடையாது.
எவனோ எல்லைக்கு நட்டுவைத்தது என்று
பிடுங்கக் குனிந்தேன்.
குச்சி முழுக்க மொட்டு.

"கை வைக்காதீங்கக்கா, அரிக்கும்"
ஜேசிபியிலிருந்து இறங்காமலே சொன்னான் ஒச்சப்பன்.
"நரிவெங்காயம். ஆடுகூட கடிக்காது.
போன வருசம் இங்கிட்டு ரெண்டடி வழிச்சேன்,
கிழங்கு கிழங்கா வந்துச்சு, அள்ளி வீசினேன்.
ஒண்ணு கீழயே தங்கிருச்சு போல."

பூதான் முதலிலாம்,
இலை மழைக்குப் பிறகாம்.
சொட்டுத் தண்ணியில்லாத இந்தச் சரளையில்
எதைக் குடித்துப் பூக்கிறது என்றேன்.
"போன கார்த்திகைத் தண்ணி" என்றான்,
போன வாரத்துப் பழைய சோறு மாதிரி.

ஆறேமுக்கால் பஸ்ஸை விட்டேன்.
பொழுது இறங்க இறங்க
அடியிலிருந்து ஒவ்வொன்றாய்த் திறந்தது:
அழுக்கு வெள்ளையில் பச்சை கலந்த மணிகள்,
தலை கவிழ்ந்து.
மாட்டுத்தாவணியில் கிலோ என்ன என்று
கேட்க ஆளில்லாத பூ.
விடியுமுன் வாடிவிடுமாம்.

எங்கள் ஊரில் ஒரு ராஜா
காசு கொடுத்துக் குதிரை வாங்கினான்.
இருட்டியதும் லாயத்தில் ஊளை.
நானும் பகலில்தான் வாங்கினேன்.
பத்திரத்தில் 'வீட்டுமனை' என்றுதான் இருந்தது.

கல்லை நிமிர்த்த ஒச்சப்பன் கடப்பாரை எடுத்தான்.
ஒரு சாண் தள்ளி நடு என்றேன்.
"எந்தப் பக்கம்க்கா?"
அறுபத்திரண்டாம் நம்பர்க்காரர் மஸ்கட்டில்,
இதுவரை வந்து பார்த்ததே இல்லை.
என் பக்கம்தான், என்றேன்.
அவன் என்னையும் பார்த்தான், குச்சியையும் பார்த்தான்,
ஒன்றும் சொல்லாமல் குழி தோண்டினான்.

அடுத்த மாதம் வரும்போது
குச்சி காய்ந்து விழுந்திருக்கும்.
கல்லுக்கு அந்தப் பக்கம் அந்த ஒரு சாண்
ஏன் சும்மா கிடக்கிறது என்று
வீட்டில் கேட்டால்
என்ன சொல்வதென்று இன்னும் யோசிக்கவில்லை.
தவணை ஐந்து பாக்கி.